1986 மேஸி 1035 டிராக்டர், முழு எஞ்சின் வேலை: மன்னார்குடி சாலை பாய் பட்டறை

"நகத்தை வச்சுப் பாரும்மா" என்றார் பாய். எஞ்சினின் மேல்மூடியான ஹெட் கழற்றி வைத்திருந்தது. முதல் சிலிண்டருக்குள் விரலை விட்டு, சுவரை ஒட்டி மேலே இழுத்தேன். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் ஒரு படியில் தட்டி நின்றது. "பிஸ்டன் ரிங்கு ஏறி இறங்குற இடமெல்லாம் தேஞ்சு போச்சு. அது தொடாத மேல் விளிம்பு மட்டும் பழைய அளவுல நிக்குது. இதுல புது ரிங்கு போட்டா எப்படிப் பிடிக்கும்?"

இரண்டு வருடமாக நான் தேடிய பதில் அதுதான். அப்பா 1986-ல் வாங்கிய வண்டி இது. அவருக்குப் பிறகு நிலத்தை நான்தான் பார்க்கிறேன். வண்டி நீலப் புகை தள்ளியது, எஞ்சினின் மூச்சுக் குழாயான பிரீதர் வழியாக ஆயில் துப்பியது, ஒரு நாள் உழவுக்கு அரை லிட்டர் ஆயில் குடித்தது. அப்போது வேறொரு பட்டறையில் விட்டேன். மூன்றே நாளில் ரிங் செட் மாற்றி 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். லைனரை, அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் உருளைச் சுவரை, அளந்தீர்களா என்று நான் கேட்டேன், பதிலை டிரைவர் அண்ணனிடம் சொன்னார்கள். எட்டு மாதத்தில் அதே புகை.

பாய் பட்டறை நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற சாலையில் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டகை, வாசலில் வாகை மரம், பிரித்துப் போட்ட வண்டிகள் எப்போதும் மூன்று நான்கு. பழைய மேஸி, ஃபோர்டு, எஸ்கார்ட்ஸ் வண்டிகள்தான் அதிகம் வருகின்றன.

மேஸியில் எஞ்சினை மட்டும் தூக்கி எடுத்துவிட முடியாது. இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸி (அடிச்சட்டம்) இல்லை, எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. முன் ஆக்ஸிலை ஒரு பக்கம், கியர் பாக்ஸை ஒரு பக்கம் முட்டுக் கொடுத்து நிறுத்தி, வண்டியை நடுவில் பிரித்தாக வேண்டும். பாயும் இரண்டு பையன்களும் செயின் பிளாக்கில் எஞ்சினைத் தொங்கவிட்டு ஒன்றரை மணி நேரத்தில் பிரித்தார்கள். ஒவ்வொரு போல்ட்டும் அது எந்த இடத்துப் போல்ட்டோ அந்தப் பெயர் எழுதிய டப்பாவுக்குள் போனது. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

இது மூன்று சிலிண்டர் எஞ்சின், சென்னை செம்பியத்து சிம்ப்சன் தயாரிப்பு, மூல வடிவம் இங்கிலாந்து பெர்கின்ஸுடையது. புது லைனர் என்றால் போர் (உள் விட்டம்) 88.9 மில்லி மீட்டர். பாய் டயல் கேஜை உள்ளே விட்டு மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நீள வாக்கிலும் குறுக்கு வாக்கிலும் அளந்து நோட்டில் எழுதினார். முதல் சிலிண்டரின் மேல் பகுதி 89.2-ஐத் தாண்டியிருந்தது, அடிப்பகுதி கிட்டத்தட்ட புது அளவிலேயே இருந்தது. சிலிண்டர் புனல் மாதிரி ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் ரிங் ஒவ்வொரு முறை ஏறும்போதும் விரிந்து, இறங்கும்போது சுருங்க வேண்டும். எட்டு மாதம் தாங்கியதே பெரிது.

நான் இந்தப் பட்டறையைப் பாராட்டி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அடுத்து நடந்த விஷயம். லைனர் கிட் வாங்கி மாட்டினால் போதும் என்று விட்டிருந்தால் இரண்டு வருடத்தில் நான் மறுபடி அங்கேயே போய் நின்றிருப்பேன். பாய் ஏர் கிளீனரைக் கழற்றச் சொன்னார். பழைய வண்டிக்கு ஆயில் தொட்டி வைத்த ஏர் கிளீனர். கிண்ணத்தில் ஆயிலுக்குப் பதில் சேறு இருந்தது. அதிலிருந்து எஞ்சினுக்குப் போகிற ரப்பர் ஹோஸின் ஒரு முனையைப் பொத்தி, மறுமுனையில் செல்போன் டார்ச்சை உள்ளே காட்டி இருட்டில் பிடித்தார். கிளிப் உட்காரும் இடத்துக்குக் கீழே, கண்ணில் படாத வளைவில், கீற்றுக் கீற்றாக வெளிச்சம் கசிந்தது. எஞ்சின் இத்தனை நாளும் வடிகட்டாத காற்றைத்தான் இழுத்திருக்கிறது. கோடை உழவுப் புழுதியும் களத்துத் தூசியும் அந்த வெடிப்பு வழியாகப் போய் லைனரை உப்புத்தாள் மாதிரி தேய்த்திருக்கின்றன. சில நூறு ரூபாய் ஹோஸ். முதலில் பார்த்தவர்கள் அதைத் தொடவே இல்லை. நானும் வாரம் ஒருமுறை அந்தக் கிண்ணத்தைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். அப்பா பார்ப்பார்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டில், பேரிங் உட்காரும் மூன்றாவது பின்னில் கோடு விழுந்திருந்தது. பேரிங்கில் மேல் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தது. எஞ்சின் சூடானதும் ஆயில் பிரஷர் முள் சரிந்ததற்கு அதுதான் காரணம். தஞ்சாவூரில் ஒரு லேத் பட்டறையில் கிரைண்டிங் கொடுத்து, பத்து சைஸுக்கு (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) இறக்கி, அதற்கேற்ற பேரிங் போட்டார்கள். பழைய லைனரைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புதியதை ஏற்றிப் போரிங், ஹோனிங் (உள்சுவரில் குறுக்குக் கோடு போட்டுத் தேய்ப்பது) எல்லாம் அதே லேத்தில்தான். ஹெட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி வைத்தார் பாய். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மேலே ஊறிச் சுண்ணாம்பில் கோடு போடுமாம். நல்ல வேளை, கோடு விழவில்லை. வால்வும் கைடும் மட்டும் மாற்றினோம்.

எஞ்சின் கட்டிய அன்று நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒவ்வொரு ரிங்கையும் அது போகப் போகிற லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தார். ஒன்று இறுக்கமாக இருந்தது. அரத்தில் நாலு இழுப்பு இழுத்து மறுபடி பார்த்தார். நான் என்ன கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் ஒரு சிமென்ட் சாக்கில் கட்டி வண்டியோடு அனுப்பிவிட்டார்.

முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. பிறகு பழைய மூன்று சிலிண்டர் சத்தம், நான் சின்னப் பிள்ளையாக மட்கார்டில் உட்கார்ந்து போனபோது கேட்ட அதே சத்தம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் அந்தப் பக்கம் திரும்பி டீ சொல்லி அனுப்பினார்.

"சும்மா ஓடவிட்டுட்டுப் போயிடாதம்மா" என்றார் புறப்படும்போது. லேசாகவாவது லோடு கொடுத்தால்தான் ரிங் லைனரில் உட்காரும். வெறுமனே ஐடிலில் மணிக்கணக்காக விட்டால் ஹோனிங் கோடுகள் மழுங்கிச் சுவர் கண்ணாடி மாதிரி ஆகி, ஆயில் மேலேறும். முதல் 50 மணி நேரம் சேற்றுழவுக்கு மாட்டும் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) கூடாது, முழு டிரெய்லர் லோடு கூடாது. அதன்பின் ஆயில் மாற்றி, ஹெட் போல்ட்டுகளைச் சரியான அளவுக்கு மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளி பார்த்துத் தந்தார். அதற்குத் தனிக்கூலி வாங்கவில்லை.

மொத்தச் செலவு 51,500 ரூபாய். லைனர் கிட் 10,800, பம்ப், நாசில் வேலை 7,200, பாயின் கூலி 13,000, மிச்சம் பேரிங், லேத், ஹெட், கேஸ்கட், ஆயில் வகையறா. இந்தக் குதிரைத் திறனில் புது வண்டி இதைவிடப் பல மடங்கு விலை. நம் சேற்றுக்கு இந்த எடையும் இந்த எஞ்சினும் போதும், உதிரி பாகமும் தட்டில்லாமல் கிடைக்கிறது. எனக்குக் கணக்கு சரியாகவே வருகிறது.

குறையும் உண்டு. பத்து நாள் என்று சொல்லி 19 நாள் ஆனது. லேத்தில் வரிசை என்றார்கள், ஆனால் அதை நான் போன் செய்தபோதுதான் சொன்னார்கள். சித்திரைக் கடைசி என்பதால் பொறுத்துக்கொண்டேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிற நேரமாக இருந்திருந்தால் நாற்றங்கால் உழவுக்கே ஆள் தேடியிருக்க வேண்டும். பில் ஒரு துண்டுக் காகிதத்தில் கூட்டுத்தொகை மட்டும்தான். அளவெல்லாம் அவ்வளவு ஒழுங்காக நோட்டில் எழுதுகிறவர் கணக்கை ஏன் அப்படி எழுத வேண்டும்? மூன்று முறை கேட்டபின் பிரித்து எழுதித் தந்தார். டெம்பரேச்சர் மீட்டர் வயரை மாட்டாமல் விட்டிருந்தார்கள், வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மறுநாள் காலை டிவிஎஸ் 50-ல் அவரே வந்து மாட்டிவிட்டுப் போனார். பெண்களுக்கு அங்கே கழிப்பறை வசதி இல்லை. நாள் முழுக்க இருந்து பார்க்க நினைக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது 140 மணி நேரம் ஓடியிருக்கிறது. குறுவைக்கு ஒன்பது ஏக்கர் சேற்றுழவு முடிந்தது. ஆயில் குச்சியில் கோடு இறங்கவில்லை, பிரீதர் காய்ந்தே இருக்கிறது. மூன்று நாளில் வண்டி வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பட்டறை சரிவராது. மாசி, பங்குனியிலேயே வண்டியை விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டிவிட்டு மூன்று மணிக்குமேல்தான் திறப்பார், காலையிலேயே போய்விடுவது நல்லது.