லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று கடையில் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

மதுரையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். 2013-இல் வாங்கிய டெல் இன்ஸ்பிரான் 3521தான் இன்றைக்கும் என் லேப்டாப். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த பத்து வருடத்துக் கேள்வித்தாள்கள் முழுக்க அதில்தான் கிடக்கின்றன. போன மாதம் ஒருநாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. லைட் எரியவில்லை, ஃபேன் சத்தமும் இல்லை. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜரில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை நேரம். பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த சர்வீஸ் கடைக்கு ஓடினேன். சார்ஜரையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். துண்டுச் சீட்டில் 'லேப்டாப் 1, டெட்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் போன் வந்தது.

"மதர்போர்டு போயிடுச்சு மேடம். 7,500 ஆகும். பேசாம எங்ககிட்டயே குடுத்துடுங்க, 1,500 தர்றோம்."

டேட்டாவை எடுத்துத் தர மட்டும் தனியாக 2,000 கேட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லி, செக்கிங் சார்ஜ் 500 ரூபாய் கட்டித் திரும்ப வாங்கி வந்தேன்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் இப்போது எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்க்கிறான். அவன் கேட்ட முதல் கேள்வியே, "டீச்சர், சார்ஜரை மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா?" என்பதுதான். சார்ஜரின் மேல் 19.5 வோல்ட் என்று போட்டிருக்கிறது. வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்பு முனையைச் சார்ஜர் பின்னுக்கு உள்ளேயும், கறுப்பு முனையை அதன் வெளிப்புறத்திலும் வைத்தான். மீட்டரில் பூஜ்யம். ஒயரைப் பின்னுக்குப் பக்கத்தில் மெல்ல வளைத்தான். 19 என்று எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் பூஜ்யம். அந்தக் கழுத்தில் ஒயர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. அதே அளவு வோல்ட் உள்ள 65 வாட் சார்ஜர் ஒன்றை மாட்டினான், லேப்டாப் எழுந்துவிட்டது. மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த அடி. 8 ஜிபி இருந்த ரேம் 4 ஜிபி என்று காட்டியது. அடிமூடியைக் கழற்றினால் ஒரு ஸ்லாட் காலி. 2018-இல் நானே காசு போட்டு வாங்கி மாட்டிய ரேம் அது! கடையில் போய்க் கேட்டேன். "நீங்க கொண்டு வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு" என்றார்கள். சீட்டில்தான் எதுவும் எழுதவில்லையே, எதைக் காட்டிப் பேசுவது? நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். சுத்தமாக உயிரே இல்லையென்றால் முதலில் வேறொரு சரியான சார்ஜரை மாட்டிப் பாருங்கள். கழற்றும் வகைப் பேட்டரி என்றால் அதைக் கழற்றி, சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, அப்புறம் சார்ஜரை மட்டும் போட்டு ஆன் செய்யுங்கள். பல பழைய லேப்டாப்கள் இதிலேயே எழுந்துவிடும். ஃபேன் சுற்றியும் ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தால் அது வேறு கதை. ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்க்க வேண்டும். கடையில் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ரேம் எத்தனை, ஹார்டு டிஸ்க்கின் சீரியல் நம்பர் என்ன என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் லேப்டாப்பை அங்கே வைக்காதீர்கள்.

புது சார்ஜருக்கு எனக்கு ஆனது 900 ரூபாய். ரேம் இன்னும் வரவில்லை.