கார் ரிமோட்: காப்பி எடுப்பதா, லேர்னிங் போடுவதா, கடையில் கொடுப்பதா?

கார் ரிமோட் உடைவதும் தொலைவதும் ஒன்றல்ல. உடைந்தால் இன்னொன்று கிடைத்தால் போதும். தொலைந்தால், அந்தப் பழையது இனி கதவைத் திறக்காதபடி செய்யவும் வேண்டும். எந்த வழி நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உடைந்ததா, தொலைந்ததா?

நான் பேசுவது வண்டி வாங்கிய பிறகு ஆக்சஸரி கடையில் மாட்டிய அலாரம் செட்டைப் பற்றி. பழைய ஆல்டோ, வேகன்ஆர், இண்டிகா வண்டிகளில் இதுதான் அதிகம். ரிமோட் தனி, சாவி தனி. கம்பெனியிலேயே ரிமோட் சாவியோடு வரும் வண்டிகளுக்கு அப்புறம் வருகிறேன்.

ரிமோட் கையில் இருந்தும் வேலை செய்யவில்லை என்றால், காசு செலவழிக்கும் முன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். இந்த செட் ரிமோட்டுகள் பலவற்றில் விரல் நுனி அளவுள்ள 23ஏ அல்லது 27ஏ, 12 வோல்ட் பேட்டரி இருக்கும். மற்றவற்றில் நாணயம் போன்ற 3 வோல்ட் சிஆர்2032 அல்லது சிஆர்2016. விளக்கு எரிகிறது, எனவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். விளக்கை எரிக்கப் போதுமான மின்சாரம் சிக்னலைத் தூரமாக அனுப்பப் போதாமல் இருக்கலாம்.

சரி, என் மச்சானின் வேகன்ஆருக்கு வருவோம். அந்த செட்டோடு வந்த இரண்டு ரிமோட்டில் ஒன்று கல்யாண மண்டபத்தில் தொலைந்துவிட்டது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் காப்பி ரிமோட் ஒன்றை வாங்கினார். பழையதையும் புதியதையும் நெருக்கி வைத்து, ஒரே பட்டனை இரண்டிலும் அழுத்திப் பிடித்தால் புதியதில் விளக்கு வேகமாக மினுக்கும். அவ்வளவுதான், ஐந்து நிமிட வேலை. கதவு திறந்தது, மச்சானுக்கு மகிழ்ச்சி. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மண்டபத்தில் தொலைந்ததும் இன்னும் அதே கதவைத் திறக்குமே!

காப்பி ரிமோட் செய்வது, கையில் உள்ள ரிமோட் சிக்னலில் அனுப்பும் எண்ணை அப்படியே படித்துத் திரும்பச் சொல்வது மட்டும்தான். காருக்குள் இருக்கும் அலாரம் பெட்டிக்கு இப்படி ஒரு புது ரிமோட் வந்ததே தெரியாது. எனவே தொலைந்ததை அது மறக்கவும் மறக்காது. இன்னொரு சிக்கல்: அசலும் காப்பியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. நாளை காப்பி தொலைந்தால் அதை மட்டும் தனியாக நீக்க வழியே இல்லை. அசலையும் சேர்த்துத்தான் கைவிட வேண்டும்.

தவிர, காப்பி எல்லா செட்டிலும் எடுபடாது. மலிவான செட்டுகளில் ஒவ்வொரு முறையும் ஒரே எண் போகும். இவி1527 என்ற சிப் இருந்தால் அந்த எண் 20 பிட், அதாவது 10 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட எண்களில் ஒன்று. இதைக் காப்பி எடுக்கலாம். எச்சிஎஸ்301 போன்ற சிப் உள்ளவற்றில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எண் மாறும். இதை ரோலிங் கோட் என்பார்கள். கடைசியாகக் கேட்ட எண்ணுக்கு அடுத்து வரக்கூடிய 16 எண்களைப் பெட்டி உடனே ஏற்கும், தாண்டிப் போன பழைய எண்ணைக் கண்டுகொள்ளாது. சாதாரண காப்பி ரிமோட் பிடித்து வைத்திருப்பது அந்தப் பழைய எண்ணைத்தான். ரிமோட்டைத் திறந்து சிப்பின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கினால் பணம் வீணாகாது. அலைவரிசையையும் பாருங்கள்: நம் ஊர் செட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க வண்டிகளுக்கு வரும் பல ரிமோட்டுகள் 315. இரண்டும் ஒத்துப்போகாது.

லேர்னிங் என்பது நேர் எதிர் வழி. இங்கே ரிமோட்டுக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, பெட்டிக்குத்தான் கற்றுக்கொடுக்கிறோம். அதே செட்டுக்கான ரிமோட் தேவை. டாஷ்போர்டுக்குக் கீழே சின்னதாக ஒரு வேலட் ஸ்விட்ச் ஒளிந்திருக்கும், சில செட்டில் பெட்டியிலேயே பட்டன் இருக்கும். பொதுவாக இக்னிஷனைப் போட்டு, அந்த ஸ்விட்சைச் சொன்ன எண்ணிக்கையில் அழுத்தினால் சைரன் ஒரு பீப் தரும். சில நொடிக்குள் புது ரிமோட்டின் பட்டனை அழுத்த வேண்டும். எத்தனை முறை என்பது செட்டுக்கு செட் மாறும். பெட்டியின் லேபிளில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து அதற்கான செய்முறைத் தாளைத் தேடுங்கள். குத்துமதிப்பாக அழுத்த வேண்டாம், ஏனென்றால் பல செட்டுகளில் ஆட்டோ லாக் போன்ற மற்ற அமைப்புகளும் இதே ஸ்விட்சில்தான் மாறும்.

நான் இந்த வழியை விரும்புவதற்குக் காரணம், இதில் பழையதை அழிக்க முடியும் என்பதே. சில பெட்டிகளில் ஸ்விட்சை நீண்ட நேரம் பிடித்தால் எல்லா ரிமோட்டும் மறந்துபோகும். சிலவற்றில் நான்கு இடம்தான், ஐந்தாவது வந்தால் முதலாவது வெளியே போகும். தொலைந்தது உண்மையிலேயே அழிந்ததா என்று எப்படித் தெரியும்? அது கையில் இல்லையே! மச்சான் வண்டியில் நாங்கள் செய்தது: எல்லாவற்றையும் அழித்து, அந்த செட்டுக்கான புது ரிமோட் ஒன்றை (காப்பியை அல்ல) மட்டும் ஏற்றினோம். மீதமிருந்த பழைய ரிமோட்டை அழுத்திப் பார்த்தோம். கதவு அசையவில்லை. அது செத்ததால் தொலைந்ததும் செத்தது என்று உறுதியானது. பிறகு அந்தப் பழையதை மறுபடி ஏற்றினோம். காப்பி ரிமோட் அதே எண்ணைச் சொல்வதால் அதுவும் தானாக உயிர் பெற்றது.

கடையில் கொடுப்பது தவறில்லை. சென்னை ஜி.பி. ரோடு போல ஆக்சஸரி கடைகள் நிறைந்த இடத்தில் செட்டைப் பார்த்ததுமே ரிமோட்டை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் “காப்பியா, லேர்னிங்கா, பழையதை அழிப்பீர்களா?” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் எது சுலபமோ அதுதான் நடக்கும்.

அதே ரிமோட் எங்குமே கிடைக்காவிட்டால் புது செட். கதவுகளில் உள்ள மோட்டார்கள் நன்றாக இருந்தால் பெரும்பாலும் அவற்றை விட்டுவிட்டு பெட்டியை மட்டும் மாற்றலாம். வயர் வேலை தெரியாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

கம்பெனி ரிமோட் சாவியில் கதவு வேறு, எஞ்சின் வேறு. மறைமலைநகரில் தயாரான பழைய ஃபோர்டு ஃபியஸ்டாவில், ஆறு நொடிக்குள் நான்கு முறை இக்னிஷனைப் போட்டு அணைத்தால் ஒலி வரும், உடனே ரிமோட்டின் பட்டனை அழுத்தினால் கதவுக்கு ரிமோட் தயார். பழைய ரிமோட்டையும் அதே நேரத்தில் சேர்த்துப் பதிய வேண்டும். ஆனால் எஞ்சினைக் கிளப்ப அனுமதிப்பது சாவித் தலைக்குள் பேட்டரியே இல்லாமல் இருக்கும் இம்மொபிலைசர் சிப். அது பதியாத சாவியால் கதவு திறக்கும், வண்டி கிளம்பாது. சிப்பைப் பதிய சர்வீஸ் சென்டருக்கோ, அதற்கான கருவி வைத்திருக்கும் சாவிக்கடைக்கோ போவதே நல்லது. போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் கொண்டு போங்கள். தொலைந்ததை அழித்த பிறகு மீதியை மறுபடி பதிய அவை அங்கேயே தேவைப்படும்.