நின்று எறிவதா, ஓடவிட்டு எறிவதா? அல்டிமேட் பயிற்சிக்கு எது உதவும்

சோளகக் காற்று வீசும் மாதங்களில் முற்றவெளியில், தட்டு எறிந்து பிடித்து ஆடும் குழு ஆட்டமான அல்டிமேட்டின் 175 கிராம் டிஸ்க்கை (ஃபிரிஸ்பீ தட்டை) நேராக விடுவதே பெரும்பாடு. அதனால் பலர் பெடியளைச் சோடி சோடியாக நிற்க வைத்தே எறியப் பழக்குகிறார்கள். மற்ற வழி, கோன் வைத்து ஓட்டத்தோடு எறிவது.

நின்று எறிய 10 மீற்றர் இடைவெளி போதும். ஃபோர்ஹாண்டில், அதாவது எறியும் கைப் பக்கத்திலிருந்தே விடும் எறிதலில், நடுவிரல் உள்விளிம்பில் அழுந்த, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, மணிக்கட்டால் சுண்ட வேண்டும். டிஸ்க் தள்ளாடினால் சுழற்சி போதவில்லை, தோளால் வீசுகிறார். எதிர்காற்றில் மேலே கிளம்பினால் முன்விளிம்பு தூக்கியிருக்கிறது. இவற்றைத் திருத்த இதுவே நல்ல இடம். ஆனால் இதை மட்டும் பழகியவர், ஆட்டத்தில் ஓடுபவரின் முதுகுக்குப் பின்னால்தான் எறிவார்.

ஓட்டப் பயிற்சியில் ஓடுபவர் 15 மீற்றர் தள்ளித் தொடங்கி, ஐந்தாறு அடி முழு வேகத்தில் விலகி ஓடி, வெளிக்காலை ஊன்றித் திரும்பி, 45 பாகைச் சரிவில் எறிபவர் பக்கம் வருவார். திருப்பம் வளைவாகப் போனால் தடுப்பவர் ஒட்டிக்கொள்வார். பிடிக்குமுன் வேகம் குறைப்பது அதைவிடக் கெட்ட பழக்கம், உடனே நிறுத்துங்கள். கால் ஊன்றும் கணத்திலேயே எறிபவர் எறியத் தொடங்கி, ஓடுபவருக்கு முன்னால் விட வேண்டும்.

எங்கள் தெரிவு ஓட்டம்தான். புதியவர்களுக்கு மட்டும் முதல் இரண்டு கிழமை பாதி நேரம் நின்று எறிதல். பிறகு 10 நிமிடம் போதும். மழை பெய்து தரை வழுக்கினால் ஓட்டத்தை விடுங்கள், ஊன்றும் காலில் கணுக்கால் சுளுக்கும்.