ஹாலோவீன் முகமூடி: பேப்பர் பிளேட்டா, மைதா பசையா, ஃபெல்ட் துணியா?

அக்டோபர் 31 இரவு, பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள்தான் ஹாலோவீன். அக்டோபர் பிறந்தாலே அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைகளில் அதற்கான முகமூடிகள் குவிந்துவிடும். பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக்தான். போட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும், ஓரம் கன்னத்தை அறுக்கும். சரி, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்கினால் மூன்று வழிகள் கண்ணில் படும்: பேப்பர் பிளேட், பலூன் மேல் காகிதம் ஒட்டிச் செய்வது, ஃபெல்ட் துணி (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி).

எது அழகு என்று கேட்டால் விடை வேறு. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: 31ஆம் தேதி இருட்டில் வீடு வீடாக நடக்கிற பிள்ளை அதை எவ்வளவு நேரம் கழற்றாமல் வைத்திருக்கும்? நியூ ஜெர்சி, டொராண்டோ பக்கம் அன்றைக்கு ஆறு மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். படி ஏற வேண்டும், தெருவைக் கடக்க வேண்டும், கதவு திறந்ததும் மிட்டாய் கேட்டு "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று கத்த வேண்டும், நடுவில் மிட்டாயும் தின்ன வேண்டும்.

பேப்பர் பிளேட்டுக்குச் செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. அரை மணி நேரத்தில் பூனையோ பூசணியோ தயார். நாலு வயதுப் பிள்ளைகூடத் தானே வண்ணம் தீட்டும். சிக்கல் கண் ஓட்டையில். நம் முகத்தில் வைத்துப் பார்த்து ஓட்டை போட்டுவிடுகிறோம். பெரியவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் இடையே ஏறக்குறைய 6 செ.மீ. இருக்கும், சின்னப் பிள்ளைக்கு 5 செ.மீ.தான். அந்த ஒரு செ.மீ. வித்தியாசத்தில் பிள்ளை ஒரு கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நடக்கும். பிள்ளையின் முகத்தில் பிளேட்டை வைத்து, கண் வரும் இடத்தை வெளியிலிருந்து விரலால் தடவிக் குறித்துக்கொண்டு, கழற்றிய பிறகு வெட்டுங்கள். எலாஸ்டிக்கை ஸ்டேப்ளர் அடித்தால் பின்னின் மடங்கிய முனை வெளிப்பக்கம் இருக்கட்டும், அதன் மேல் ஒரு டேப். இவ்வளவும் செய்தாலும் மூச்சுக்காற்றின் ஈரத்தில் வாய்ப்பக்கம் தொளதொளத்துவிடும். வகுப்பு பார்ட்டிக்குப் போதும், தெருவுக்குத் தாங்காது. வகுப்புக்கும்கூட முதலில் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முகமூடியே கூடாது என்கிற பள்ளிகள் நிறைய.

பலூன் முகமூடிதான் மூன்றில் ராஜா, பார்வைக்கு. ஒரு பங்கு மைதாவுக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு ஸ்பூன் உப்பு. நம் ஊரில் போஸ்டர் ஒட்டுகிற அதே பசைதான். செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் மெலிந்திருப்பதால் ஒன்றின் மேல் ஒன்று வரம்பு தெரியாமல் படியும். மூன்று நான்கு அடுக்கு போட்டு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. அங்கேதான் பொறுமை வேண்டும். அக்டோபர் குளிரில் ஓர் அடுக்கு காய ஒரு நாள் ஆகிவிடும். உள்ளே ஈரம் இருக்கும்போது பலூனை உடைத்தால் முகம் அப்படியே சுருங்கிப் போகும். பலூனை நெடுக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு முகமூடி என்பது அண்ணன் தம்பி இருக்கிற வீட்டுக்கு லாபம். மூக்கு, கொம்பு, புடைத்த புருவம் எல்லாம் இதில்தான் எடுப்பாக வரும். ஆனால் கனம். மூக்குக்கண்ணாடி போடுகிற பிள்ளைக்குச் சரிப்படாது. எட்டு வயதுக்கு மேலே, மாத நடுவிலேயே தொடங்க முடியும் என்றால் செய்யுங்கள். 28ஆம் தேதி நினைவுக்கு வந்தால் இந்தப் பக்கமே போகாதீர்கள்.

என் ஓட்டு ஃபெல்ட் துணிக்கு, அதிலும் மூக்கு நுனியோடு நிற்கிற அரை முகமூடிக்கு. ஃபெல்ட் வெட்டிய இடத்தில் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். ஒற்றைத் துணி தொங்கும்; இரண்டு அடுக்காக ஒட்டினால் நிற்கும். கண் ஓட்டையைக் கண்ணைவிடத் தாராளமாக வெட்டலாம், சுற்றிக் கறுப்பு ஃபெல்ட் வைத்துவிட்டால் ஆந்தையோ ரக்கூனோ ஆகிவிடும். வாய் திறந்திருப்பதால் கத்தலாம், தின்னலாம், மூச்சு முட்டாது. குளிருக்கும் இதம். மெல்லிய எலாஸ்டிக் தலைமுடியில் மாட்டி இழுக்கும், அகலமானதாக வாங்குங்கள். ஒரே குறை: பயமுறுத்தாது. ரத்தக்காட்டேரி கேட்கிற பத்து வயதுப் பையன் இதைப் பார்த்து முகம் சுளிப்பான்.

ஃபெல்ட்டுக்குப் பதில் ஃபோம் ஷீட்டும் உண்டு. விறைப்பாக நிற்கும், தூறலுக்கு அஞ்சாது, ஆனால் வியர்க்கும். பசையை உருக்கி ஒட்டுகிற குளூ கன்னின் சூடு அதிகமானால் உருகியும் போகும்.

மூன்று வயதுக்கு எதுவுமே வேண்டாம் என்பேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, முகமூடி பார்வையை மறைக்கும் என்பதால் நச்சில்லாத முகப்பூச்சையும் தொப்பியையும் யோசிக்கச் சொல்கிறது. கன்னத்தில் மூன்று மீசைக் கோடு, தலையில் காது வைத்த பட்டை, பூனை வந்தாயிற்று. வண்ணத்தை மட்டும் ஓரிரு நாள் முன்பே கையில் கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.