ஹோர்டிங்கா, சுவர் எழுத்தா: ஒரு பம்பு செட் கடையின் மூன்றாண்டு அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் பம்பு செட் விற்பனையும் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையும் செய்துவரும் எங்கள் கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் செக்கானூரணி, உசிலம்பட்டி, மேலூர் வட்டாரத்துக் கிணற்றுப் பாசன விவசாயிகள். அவர்களை எட்டுவதற்காக முதலில் மதுரைக்குள் 20-க்கு 10 அடி ஹோர்டிங் (பெரிய விளம்பரப் பலகை) ஒன்றை வாடகைக்கு எடுத்தோம்; ஓராண்டு கழித்து அதை விட்டுவிட்டுத் தேனி சாலையில் ஐந்து சுவர்களில் எழுதினோம். இன்றும் சுவர் எழுத்தையே தொடர்கிறோம்.

ஹோர்டிங்கின் பலம் எல்லோரும் அறிந்தது. சிக்னலில் நிற்பவர் கண்ணில் படும், இரவிலும் தெரியும், இரண்டே நாளில் ஏற்றிவிடலாம். கடை திறப்புக்கும் தீபாவளித் தள்ளுபடிக்கும் அதுவே பொருத்தம்.

எங்களை மாற்றியது பராமரிப்பு. மதுரை வெயிலில் பிளக்ஸின் சிவப்பு ஆறு மாதத்தில் வெளுத்துவிட்டது. ஆடிக் காற்றில் ஒரு மூலை கிழிந்து தொங்கியது. ஏஜென்சிக்குத் தினமும் போன் செய்தும் ஒன்பது நாள் ஆள் வரவில்லை. வாடகை மட்டும் நிற்கவில்லை. 2023 ஜூன் மாதம் கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் ஹோர்டிங்கின் இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்ததையும், 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் ஹோர்டிங் விழுந்து 17 உயிர்கள் போனதையும் படித்த பிறகு, அந்தக் கிழிசலைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் பதறியது. இரும்புச் சட்டம் ஏஜென்சியுடையது என்றாலும் அதன் மேல் இருப்பது நம் கடைப் பெயர். ஹோர்டிங் எடுப்பவர்கள் உரிம நகலையும் கட்டமைப்பு உறுதிச் சான்றையும் கையில் வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

சுவர் எழுத்துக்கு உழைப்பெல்லாம் முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த வாரத்தில் கவனம் தேவை. பழைய சுண்ணாம்பின் மேல் எனாமல் அடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டி, பிரைமர் காய்ந்த பிறகே நிறம் ஏற்ற வேண்டும். தரையிலிருந்து மூன்றடிக்கு ஈரம் ஏறி உப்புப் பூக்கும் என்பதால் எங்கள் பெயிண்டர் அந்த அளவுக்கு எழுத்தே வைக்கவில்லை. சாக்பொடி தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போட்டு, மஞ்சள் பரப்பில் கறுப்பாகக் கடைப் பெயர், ஊர், ஓரடி உயரத்தில் போன் எண், அவ்வளவே எழுதினார். செக்கானூரணிச் சுவருக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்ற ஒரு பெரியவர், எண்ணை வாய்விட்டுப் படித்தபடியே தம் போனில் அழுத்தியதை நானே பார்த்தேன். சென்ற ஆண்டு எங்கள் எண் மாறியபோது, பிளக்ஸாக இருந்தால் முழுதும் புதிதாக அச்சிட்டிருப்போம். இங்கே பெயிண்டர் ஒரே நாளில் ஐந்து சுவருக்கும் போய், எண் இருந்த வரியை மட்டும் மஞ்சளால் மூடி மாற்றி எழுதிவிட்டார். மூன்றாம் ஆண்டு நடக்கிறது. நிறம் மங்கியிருக்கிறது, எழுத்து மங்கவில்லை.

அரசுச் சுவர், பாலத் தூண் ஆகியவற்றைத் தொடவே கூடாது. தனியார் சுவர் என்றாலும் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, ஊராட்சியிலும் கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் வாடகையோடு அவர்களின் மதில் முழுவதற்கும் பெயிண்ட் அடித்துக் கொடுத்தோம். அதனாலோ என்னவோ, எங்கள் எழுத்தின் மேல் போஸ்டர் ஒட்ட வருபவர்களை அவர்களே விரட்டுகிறார்கள்.

பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தை மூன்று மாதம் மட்டுமே வைத்திருந்தோம், அதுவும் மழைக்காலத்தில். சேறு படிந்து எண் மறைந்ததென்னவோ உண்மை. கோடையில் வைத்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்பதால் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். துணி, நகை போலப் பண்டிகைக்குப் பண்டிகை சரக்கு மாறும் கடைகளுக்கும் என் கணக்கு பொருந்தாது. படத்தை மாற்ற ஹோர்டிங்தான் வசதி.

கிணற்றில் நீர் இறங்கி மோட்டார் தேடி வருவது கோடையில் என்பதால், இம்முறை மாசி முடிவதற்குள் மேலூர் சாலையில் இரண்டு சுவர்களை எழுதி முடிக்க இருக்கிறோம். ஒன்றுக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது. மற்றொன்றில் சுண்ணாம்பு கனமாக இருப்பதால் சுரண்டிப் பார்த்த பிறகே முடிவெடுப்போம்.