நூறு வருசம் தாங்கும் "தங்க டிவிடி": ரூ.14,500 போச்சு

ஒன்பது டிவிடியில் ஏழு திறக்கவே இல்லை. டிரைவ் கிர்ர் கிர்ர் என்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மீதி இரண்டில் பாதிப் படங்கள்தான் காப்பி ஆகின்றன. கொடுத்த பணம் ரூ.14,500.

2019இல் ஈரோட்டில் ஒரு போட்டோ ஸ்கேனிங் கடை. பெயர் போடவில்லை, வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன். அப்பா யாஷிகா கேமராவில் எடுத்த 640 நெகட்டிவ்களைக் கொண்டுபோனேன். மாரியம்மன் நோம்பி, சித்தப்பா கல்யாணத்து இணைச்சீர், எல்லாம் அதில்தான். கடைக்காரர் பளபளவென்று ஒரு டிவிடியை எடுத்துக் கையில் கொடுத்தார். "சாதா டிவிடில வெள்ளிங்ணா, கறுத்துப் போயிரும். இது தங்கம், நூறு வருசத்துக்குக் கவலையில்லீங்ணா." வேலை முடிந்ததும் முதல் டிவிடியை மட்டும் போட்டுக் காட்டினார். கட்டுத்தறி ஓரம் அம்மிச்சி நிற்கிற படம். கண் கலங்கிவிட்டது, பேரம்கூடப் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன். "நெகட்டிவ் இனி குப்பைதாங்ணா" என்றார். வெள்ளையடித்தபோது அட்டாலியிலிருந்து எடுத்து வீசிவிட்டோம். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கோவையில் டேட்டா மீட்கிறவர் ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: கம்பெனியில் அச்சடித்து வருகிற சினிமா டிவிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே பள்ளமாக வார்க்கப்பட்டிருக்கும். நாம் எழுதுகிற டிவிடியில் இருப்பது சாயப்பூச்சு, அதை லேசரால் சுட்டு எழுதுகிறார்கள். வெளிச்சம், சூடு, ஈரம் பட்டால் கெடும். சாயம் போவதைப் பற்றி நம் திருப்பூர் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்! உள்ளே தங்கப் படலம் வைத்த டிவிடி நிஜமாகவே உண்டாம். அதிலும் படலம்தான் கறுக்காது, சாயத்துக்கு அது பொறுப்பில்லை. எனக்குக் கொடுத்ததில் தங்கம் மேலே பூசிய மை. நகத்தால் சுரண்டினேன், உரிந்து வந்தது.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "உங்க டிரைவ் பழசுங்க." அப்புறம் "வெயில்ல வெச்சிருப்பீங்க." மூன்றாம் முறை, ஓனர் பழனிக்குப் போய்விட்டாராம். நேரில் போனால் "பில் இருக்குதுங்களா?" இருக்கிறது, வெறும் வெள்ளைத் தாளாக! மெஷின் பில், எழுத்து முழுக்க அழிந்துவிட்டது. ரூ.14,500க்கு அதுதான் அத்தாட்சி.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. பணம் கொடுக்கும் முன் எல்லா டிவிடியையும் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஃபைல்களை ஹார்ட் டிஸ்கிலும் வாங்குங்கள், ஒன்றல்ல, இரண்டு, வேறு வேறு வீட்டில். வருசத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். பென் டிரைவை நம்பாதீர்கள். பில்லைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் நெகட்டிவை வீசாதீர்கள்.