சரிவு பாத்து நிறுத்துன காலம்: 9 வருஷ பத்மினி

தென்காசி மச்சான் நேத்து போன் போட்டு, ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார் வெலைக்கு வருது எடுக்கவா வேண்டாமான்னு கேக்கான். போன்ல சொல்லி தீரல, அதான் எழுதிட்டேன். மைலேஜு, பார்ட்ஸ் எல்லாம் ஊரே பேசி முடிச்சாச்சு, நான் சொல்லப்போறது ஸ்டார்ட்டிங் மட்டும்.

நம்மது 84 மாடல், பழைய கேஎல்க்யூ (கொல்லம்) நம்பர், சித்தப்பா புனலூர்ல எடுத்த வண்டி, 9 வருஷமா ஆரியங்காவுல என் வீட்டு முன்னாடி நிக்கி. ஸ்டியரிங் கியரை ரெண்டாவதுல போட்டு புளியரை எஸ் வளைவுல ஏறும்போது அந்த இஞ்சின் சத்தம் இருக்கே, அதுக்காகவே செங்கோட்டைக்கு காய் வாங்க போவேன். அதுல குறையே சொல்லமாட்டேன்.

போன வருஷம் பெயிண்ட் அடிச்சு வந்து, ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சதும் பிடிச்சுது சனியன். சாவிய திருப்புனா செல்ஃப் (இஞ்சினை சுத்திவிடுற மோட்டார்) கிழவன் மாடிப்படி ஏறுற மாதிரி ரெண்டு சுத்து சுத்தி நின்னுரும், சில நாள் வெறும் டிக்குன்னு ஒரு சத்தம் அவ்வளவுதான். ஆனா லைட் பளிச்னு எரியுது, ஹார்ன் ஊரைக் கூட்டுது. பேட்டரி மாத்துனேன், செல்ஃப் மோட்டாரை கழத்தி கார்பன், புஷ் எல்லாம் புதுசு போட்டேன், பாயிண்ட் தேச்சேன், காயில் மாத்துனேன், ஈரம் ஏறியிருக்கும்னு ஒருத்தர் சொன்னாருன்னு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய வீட்டுக்காரி ஹேர் டிரையர்ல காயவச்சேன் (அதுக்கு வாங்குன ஏச்சு தனி). ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு நாள் நல்லா ஓடும், மூணாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி.

அப்புறம் எங்க போனாலும் சரிவு தேடித்தான் நிறுத்துறது. கல்யாண வீடுன்னா மண்டபத்த பாக்கமாட்டேன், ரோடு எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாப்பேன். உருட்டி ரெண்டாவது கியர்ல கிளச்சை விட்டா சமத்தா ஸ்டார்ட் ஆயிரும். ஒருநாள் புளியரை செக்போஸ்ட்ல சமதளத்துல மாட்டி நாலு லாரி டிரைவர்மாரு தள்ளுனாங்க, பட்டு வேட்டியோட நானும்.

விஷயம் பிடிபட்டது சோக்குல, ஆறுன இஞ்சினை எடுக்க இழுக்கிற குமிழ்தான். ஒரு காலைல விடாம செல்ஃப் அடிச்சிட்டு சோக்கை உள்ள தள்ளலாம்னு கை வச்சா சுடுது! தீப்பிடிக்கப்போவுதுன்னு பயந்து இறங்கிட்டேன். புனலூர்ல ஒரு வயசான ஒயரிங்காரர்கிட்ட சொன்னதும் அவர் சிரிச்சிக்கிட்டே "எர்த்து நோக்கியோ?"ன்னார், எர்த் பாத்தியான்னு மலையாளத்துல; கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்புற வழிதான் எர்த். பேட்டரி மைனஸ்ல இருந்து நேரா இஞ்சின் பிளாக்குக்கு ஒரு ஜம்பர் கேபிளை பிடிச்சார், ஒரே திருப்பு, கிளம்பிருச்சு. எனக்கு அழுவாச்சியே வந்துட்டு.

இஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல உக்காந்திருக்கு பாத்துக்கிடுங்க, அதுக்கும் பாடிக்கும் கரண்ட் போக ஒரு செம்புப் பின்னல் பட்டைதான் வழி. பெயிண்ட் அடிச்ச பட்டறைக்காரன் பாடில அந்த போல்ட் இடத்தையும் சேத்து அடிச்சு, பெயிண்ட் மேலயே பட்டைய முடுக்கி வச்சிருக்கான், பட்டையும் பாதி பச்சை பூத்து இத்துப்போச்சு. லைட்டுக்கு எர்த் பாடில, அதான் அது பளிச்சுன்னு எரிஞ்சுது. செல்ஃப் இழுக்கறது 100 ஆம்ப்ஸுக்கு மேல, அவ்வளவு கரண்டும் வேற வழி இல்லாம சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள்னு புகுந்து வந்திருக்கு. செல்ஃப் அடிக்கும்போது மீட்டரை பேட்டரி மைனஸ்லயும் பிளாக்லயும் வச்சா 3 வோல்ட் காட்டுச்சு, அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். 12 வோல்ட்ல 3 வழியிலயே போனா செல்ஃபுக்கும், பொறி குடுக்குற காயிலுக்கும் என்ன மிஞ்சும்? தகரம் தெரியுறவரை சுரண்டி புதுப் பட்டை போட்டப்புறம் 0.2.

பட்டை 180 ரூவா. அதுக்கு முன்னாடி நான் கொட்டுனதை வீட்ல இன்னும் சொல்லல.

இப்ப எட்டு மாசமா ஒரு திருப்புல எடுக்குது, மழையிலயும். நேத்து கூட குளத்துப்புழைல சரிவா பாத்துத்தான் நிறுத்துனேன், "இன்னுமா?"ன்னு கேட்டா வீட்டுக்காரி.

மச்சான், வாங்காதல. நிம்மதியா பஸ்ல போ. இல்ல பாத்தே தீருவேன்னா ராத்திரி பூரா நின்னு ஆறுன வண்டிய காலைல போய்ப் பாரு, விக்கிறவன் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கானான்னு பானட்டைத் தொட்டுப் பாரு. மீட்டரும் ஜம்பர் கேபிளும் என்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமைன்னா நானும் வாரேன்.